போணி ஆகாத கடையில் வாங்கிய ஷூ

வடகளிப்பட்டுக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். புத்தி இருந்தது. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துபோகும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரிலேயே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் கொளஞ்சி. சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஓட்டைக் குடத்துக்குப் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்து ஆரம்பித்தவர், இன்றைக்கு சொந்தமாகப் பழைய இரும்புக் கடையும் எடைமேடையும் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துப் படிப்பு இல்லை; ஏமாந்து ஏமாந்து படித்த படிப்பு. பதினாறு வயதில் ஒருவன் செம்பு முலாம் பூசிய தகரத்தைச் செம்பு என்று அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். அன்றைக்கே கொளஞ்சி ஒரு முடிவுக்கு வந்தார். இனி யார் எதைச் சொன்னாலும் பாதியாகக் கேட்பது. விலையை மட்டும் இல்லை, எதையும். தாலி கட்டும்போது மூன்று முடிச்சு என்று சொன்னார்கள். ரெண்டு போதாதா என்று கேட்டவர் அவர். மாமனார் முறைத்ததால் மூன்றாவதையும் போட்டார். அந்த நஷ்டம் இன்னமும் மனசில் இருக்கிறது.

அவரிடம் பாதியாகக் குறைக்க முடியாத ஒரே சமாச்சாரம் அவருடைய கோபம்.

அந்த வருஷம் கார்த்திகை முழுக்க மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. வடகளிப்பட்டு மண்ணுக்கு ஒரு குணம் உண்டு: காலை வைத்தால் வாங்கிக்கொள்ளும், திருப்பித் தருவதற்கு யோசிக்கும். அந்தச் சேற்றில் நடந்து நடந்து கொளஞ்சியின் வலதுகால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சேற்றுப்புண் வந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினார். வேப்பெண்ணெய் விட்டார். அது இவரை விடப் பிடிவாதமாக இருந்தது. கடைசியில் மனைவி அலமேலு விரட்டி விரட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. காலைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், கொளஞ்சியைப் பார்த்தார்.

"சுகர் முந்நூத்திப் பத்து இருக்குங்க."

"இருநூறுன்னு போட்டுக்கங்கம்மா."

"இது வெலை இல்லீங்க, ரத்தம். புண்ணு இப்போ மேலாகத்தான் இருக்கு. ஒரு மாசம் ஈரமே படாம காயவிடணும். மாத்திரை, பவுடர் தர்றேன். தினம் நாற்பது நிமிஷம் வேகமா நடங்க. தை பொறந்ததும் வந்து காட்டுங்க. அதுக்குள்ள ஆறாம உள்ள எறங்கிடுச்சின்னா கட்டைவிரலை எடுக்க வேண்டியதா போயிடும்."

கொளஞ்சி நாற்பது வருஷ வியாபாரி, பயத்தை முகத்தில் காட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கட்டைவிரலு பெரிய உருப்படிம்மா. அதை வச்சித்தான் நான் ஊணி நிக்கறேன். வேணும்னா ரெண்டு சுண்டுவிரலா எடுத்துக்கங்க. ரெண்டுமே சும்மாத்தான் கெடக்குது."

டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். எழுதும்போதே வாய்விட்டும் சொன்னார். மழைக்கும் மார்கழிப் பனிக்கும் வெறுங்காலில் நடக்கக் கூடாது. தண்ணீர் புகாத ஷூவாகப் பார்த்து வாங்க வேண்டும். சாயங்காலத்தில் வாங்க வேண்டும், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பி சரியான அளவு தெரியும். ஷூவுக்குள் முன்பக்கத்தில் ஒரு விரல் அளவு இடம் காலியாக இருக்க வேண்டும். நடக்கிற வேகம் எப்படித் தெரியும் என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

கடைசி வார்த்தையில் கொளஞ்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் இருக்கிறது. வடகளிப்பட்டு மார்கழி பஜனைக் கோஷ்டியில் அவர் இருபத்திரண்டு வருஷமாகப் பாடுகிறவர்.

கோஷ்டி என்றால் மொத்தம் நாலு பேர். ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்ற பூவராகன் முன்பாட்டுக்காரர். ஆள் ஒடிசல், கால் பொடிசு. தென்னை மரம் ஏறும் அஞ்சாப்புலி டோலக் அடிப்பவன். ஜால்ரா தட்டும் வைத்தி எட்டாவது வரை படித்தவன். ஆகையால் ஊரில் எந்தக் காகிதம் வந்தாலும் அவன்தான் படிப்பான். நாலாவது ஆள் கொளஞ்சி. மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் குளித்துவிட்டு, வெறுங்காலோடு, பாடிக்கொண்டே நாலு தெருவையும் சுற்றிப் பெருமாள் கோயிலுக்குப் போய் வெண்பொங்கல் வாங்குவது வழக்கம். மார்கழிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

அன்று மத்தியானம் இரும்புக் கடையில் கூட்டம் கூடியது. வைத்தி சீட்டின் பின்பக்கத்தைப் படித்தான். எல்லோரும் கேட்டார்கள். ஒரு உடைந்த மோட்டார் மேல் உட்கார்ந்திருந்த கொளஞ்சி, சாயங்காலம் என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. சாயந்திரமா? நான் பொறந்ததுலேருந்து போணிக்கு முன்னாடி போய்த்தான் எதையும் வாங்கியிருக்கேன். மொத வியாபாரத்தை எவனும் தட்டமாட்டான். கேட்ட வெலைக்குக் குடுப்பான். சாயந்திரம் போனா எவன் குடுப்பான்?"

"அப்ப காலையிலேயே போயிடுவோம்ண்ணே," என்றான் வைத்தி.

"காலையில காலு உப்பாதுடா. சீட்டுல என்னா எழுதியிருக்கு?"

"சாயந்திரம்னுதான் எழுதியிருக்கு."

"காலை சாயந்திரம் உப்ப வச்சி, ராத்திரி அப்படியே இறங்காம கட்டி வச்சி, காலையில எடுத்துக்கிட்டுப் போனா?" என்றார் பூவராகன்.

இதை எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். கட்டுகிற கயிறு எவ்வளவு நீளம் வேண்டும் என்பது வரைக்கும் பேச்சு போனது. அப்போது அஞ்சாப்புலி டோலக்கைத் தட்டுவது போல் தொடையைத் தட்டினான்.

"மாமா, போணின்னா காலையிலதான் ஆவணும்னு இருக்கா? சாயந்திரம் வரைக்கும் போணி ஆவாத கடை ஒண்ணாவது டவுன்ல இருக்காதா? அந்தக் கடையில போய் வாங்குவோம். காலும் உப்பியிருக்கும், போணியும் நம்மளுது."

கொளஞ்சி எழுந்து அவனைத் தழுவிக்கொண்டார். இப்படி ஒரு யோசனை ஏன் இந்த நாற்பது வருஷத்தில் தனக்குத் தோன்றவில்லை என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் நாலு பேரும் டவுன் கடைத்தெருவில் இறங்கினார்கள். முதல் கடையில் உள்ளே போக இடமில்லாத கூட்டம். "இங்கே எல்லாம் அழிஞ்சிபோச்சி," என்று கொளஞ்சி தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். இரண்டாவது கடைக்காரர் வாசலுக்கே வந்து, காலையிலிருந்து அறுபது ஜோடி போயிருக்கிறது, சரக்கு அவ்வளவு நயம் என்றார். கொளஞ்சி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இப்படிப் பச்சையாக ஒப்புக்கொள்கிறவன் என்ன வியாபாரம் செய்வான்? மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது கடையிலும் போணி ஆகியிருந்தது. ஒரு கடையில் போணி இல்லை; ஆனால் அது சைக்கிள் கடை. வைத்தி அதையே வாங்கிவிடலாம் என்றான். பூவராகன்தான் தடுத்தார்.

கடைத்தெரு முடிகிற இடத்தில், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரை ஒட்டி ஒரு செருப்புக் கடை இருந்தது. சலாவுதீன் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து, துடைத்த ஷூவையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போணி ஆச்சா பாய்?"

பாய் தலை குனிந்தார். "இல்லீங்க. சொல்றதுக்கே கூச்சமா இருக்கு. மூணு நாளா ஆவலை."

நாலு பேர் முகத்திலும் விளக்கேற்றி வைத்த மாதிரி ஆயிற்று. ஒரு நாள் போணி கேள்விப்பட்டிருக்கிறார்கள். மூன்று நாள் போணி மொத்தமாகக் கிடைப்பது யாருக்கு வாய்க்கும்? கொளஞ்சி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது போலப் போனார்.

பாயிடம் தண்ணீர் புகாத ஷூ இருந்தது. ஊட்டியில் கடை வைத்த மச்சானை நம்பி நாற்பது ஜோடி எடுத்திருந்தார். மச்சான் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். வருஷத்தில் பத்து மாசம் வெயில் காயும் இந்த ஊரில் அதை ஏறெடுத்துப் பார்க்கவும் ஆளில்லை.

"தண்ணி உள்ளே போவாதா பாய்?"

"ஒரு சொட்டு போவாதுங்க. வேணும்னா ஊத்திப் பாருங்க."

ஊற்றிப் பார்க்கச் சொன்னால் வடகளிப்பட்டுக்காரர்கள் ஊற்றிப் பார்ப்பார்கள். வைத்தி டீக்கடையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கி வந்தான். அஞ்சாப்புலி ஷூவைக் கையில் ஏந்தி, அதன் வாயில் செம்பைக் கவிழ்த்தான். பாய் பதறிக்கொண்டு எழுவதற்குள் ஷூ நிறைந்துவிட்டது.

"போயிடுச்சே பாய்," என்றான் அஞ்சாப்புலி. அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

"யோவ், மேலேருந்து வாயில ஊத்தினா போவாதாய்யா?"

"மழை எங்கேருந்து பாய் பெய்யுது?"

பாய் கடை வாசல் வழியாக வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "மழை மேலேருந்துதான் பெய்யுது. ஆனா அப்ப உள்ளே காலு இருக்கும்ல? காலு அந்த வாயை அடைச்சிக்கும்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் இப்போதுதான் பிடிபட்டது.

"அப்ப ஷூங்கறது குப்பி," என்றார் பூவராகன் நிதானமாக. "காலுங்கறது மூடி."

"மூடி லொடலொடன்னு இருந்தா தண்ணி போயிடும்," என்றான் வைத்தி.

"இறுக்கமா இருந்தா போவாது," என்றான் அஞ்சாப்புலி. "எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்ல ஷூ."

கொளஞ்சி பாயை ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவு பெரிய ரகசியத்தை வாடிக்கையாளரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்தவன் சாதாரண ஆள் இல்லை, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவருடைய அளவு ஒன்பது. புண் வலதுகாலில் இருந்ததால் சோதனை எல்லாம் இடதுகாலில் நடந்தது. ஒன்பதாம் நம்பரைப் போட்டதும் கால் சுகமாக உட்கார்ந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. செம்பைச் சாய்த்தார்கள், தண்ணீர் போனது. எட்டாம் நம்பரிலும் கொஞ்சம் போனது. ஏழாம் நம்பர் ஷூவை அஞ்சாப்புலி முன்னாலிருந்து பிடித்துக்கொள்ள, வைத்தி பின்னாலிருந்து கொளஞ்சியின் தோளை அமுக்க, பூவராகன் குதிகாலுக்கு முகப்பவுடர் போட்டுத் தள்ள, பாய் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, கால் ஒரு வழியாக உள்ளே போனது. செம்பைச் சாய்த்தார்கள். ஒரு சொட்டு போகவில்லை.

"பாருங்க," என்றான் அஞ்சாப்புலி. "காலே போவாத எடத்துல தண்ணி எப்படிப் போவும்?"

"இனி நடந்து பாக்கணும்," என்றார் பூவராகன். "பேச வரணும், பாட வரக்கூடாது. அதான் டாக்டரம்மா சொன்னது."

ஒன்பதாம் நம்பரோடு கொளஞ்சி கடைக்குள் வேகமாக மூன்று சுற்று வந்தார். பாட்டு கணீரென்று வந்தது. தள்ளுபடி. எட்டாம் நம்பரோடு வந்தார். சுருதி லேசாக ஏறியது, பாட்டு வந்தது. அதுவும் தள்ளுபடி. ஏழாம் நம்பரில் நின்று, மூச்சை இழுத்து, ஒரு அடி எடுத்து வைத்து வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை. பாயின் குடும்பத்தைப் பற்றியும், ஊட்டி மச்சானைப் பற்றியும், மாட்டுத்தோலை முதலில் கண்டுபிடித்தவனைப் பற்றியும் சில வார்த்தைகள் வந்தன.

"பேச்சு வருதா?" என்று கேட்டார் பூவராகன்.

"தாராளமா வருது," என்றான் வைத்தி.

"பாட்டு?"

"துளிகூட இல்லை."

பூவராகன் சீட்டில் ரெண்டு இடத்தில் டிக் போட்டார். ஒரே ஒரு குறைதான் நின்றது. முன்பக்கத்தில் ஒரு விரல் அளவு காலி இடம் வேண்டும். வைத்தி தன் விரலை விட்டுப் பார்த்தான். ஆள்காட்டி விரல் போகவில்லை, சுண்டுவிரல் போகவில்லை. பாயிடம் ஊதுபத்திக் குச்சி வாங்கி விட்டார்கள், அதுவும் முறிந்தது.

"பெரியவரே, உங்க அளவு ஒம்போதுங்க," என்று பாய் கெஞ்சினார். "அதுல விரல் எடம் இருக்கு. வாயும் கணுக்கால்ல நல்லா கவ்விக்கும். நாடாவை இழுத்துக் கட்டினா தண்ணி போவாது."

"பாட்டு வருதே பாய்," என்றார் பூவராகன்.

"வரட்டுமே. அதனால என்னா?"

"டாக்டரம்மா வேணாம்னுட்டாங்க."

கொளஞ்சி ஒரு காலில் நின்றபடியே தீர்ப்பு சொன்னார். "மூணு அம்சம் கேட்டேன். ஒம்போதுல இருக்கறது ஒண்ணு. ஏழுல இருக்கறது ரெண்டு. எதுய்யா லாபம்? ஏழையே கட்டு. வெலை என்னா?"

"எண்ணூறு."

"நானூறு."

"சரிங்க," என்றார் பாய்.

கொளஞ்சியின் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை.

"என்னாய்யா ஒடனே சரிங்கற? அப்ப எரநூறு பெறாத சரக்கா இது? என்னை என்னா வெளியூர்க்காரன்னு நெனச்சியா? எடுத்த எடுப்புல ஒத்துக்கறவன்கிட்ட நான் வாங்கறதில்லை. ஒழுங்கா முடியாதுன்னு சொல்லு."

"முடியாதுங்க," என்றார் பாய் பயந்துபோய்.

"அப்படிச் சொல்லு. நாங்க போறோம். கூப்பிடு."

"வாங்க பெரியவரே, வாங்க."

"கோவமா கூப்பிடுய்யா."

இப்படியாக அரை மணி நேரம் பாய்க்கு வியாபாரம் கற்றுக்கொடுத்து, நானூற்றைம்பதுக்கு முடித்தார் கொளஞ்சி. ஐம்பது ரூபாய் கூடப் போனதில் அவருக்கு அப்படியொரு திருப்தி. பாய் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போணிக்கு எடுத்தது திரும்பி வந்தா கடைக்கு ஆவாதுங்க," என்று மெதுவாகச் சொன்னார். கொளஞ்சி நெஞ்சில் கை வைத்தார். "நாற்பது வருஷ வியாபாரம். போணிச் சரக்கை மாத்தினான்னு எவனும் என்னைச் சொல்லக் கூடாது. சுடுகாட்டுக்குப் போனாலும் இந்த ஏழாம் நம்பரோடதான் போவேன்."

மார்கழி முதல் நாள் விடியலில் கோஷ்டி கிளம்பியது. பஜனையில் ஷூ போடலாமா என்று ஒரு தர்க்கம் வந்தது. மொத்தம் எட்டுக் கால். ஆறு சாமிக்கு, ரெண்டு டாக்டருக்கு என்று பூவராகன் பிரித்துக் கொடுத்தார். அலமேலு வாசலில் கோலம் போட்டபடி, கணவர் தீ மிதிப்பதைப் போலத் துள்ளித் துள்ளிப் போவதைப் பார்த்தாள். "இந்த ஷூவை மாட்டினா விரலு போறதுக்கு முன்னாடி உசுரு போயிடும் போலருக்கு," என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

பூவராகன் முதல் அடியைப் பாடினார். பின்பாட்டுக்காரர் கொளஞ்சிக்குப் பாட வரவில்லை, பேசத்தான் வந்தது. "கோவிந்தா, நீதான் எல்லாத்தையும் காப்பாத்தணும்னு சொல்றாரு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அஞ்சாப்புலிக்கும் வைத்திக்கும் எதைத் திருப்பிச் சொல்வது என்று குழப்பம். பெரியவர் சொல்வதையே சொல்வோம் என்று, "ஆமா, சொல்றாரு, சொல்றாரு," என்றார்கள். இரண்டாவது தெருவில் ஜன்னல்கள் திறந்தன. இந்த நேரத்தில் யார் வீட்டுப் பஞ்சாயத்து தெருவுக்கு வந்துவிட்டது என்று ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சமாதானம் பேசத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கியே வந்துவிட்டார்.

டாக்டரம்மா சொன்ன வேகம் வேறு. ஒரு மணி நேரம் ஆகிற நாலு தெருவையும் எட்டே நிமிஷத்தில் முடித்துக் கோயிலில் நின்றார்கள். மடைப்பள்ளியில் அப்போதுதான் பட்டர் அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். "ஏன்யா, பெருமாளே இன்னும் எழுந்திரிக்கலை," என்றார். நாற்பது நிமிஷம் ஆகவேண்டுமே என்று திரும்ப ஒரு சுற்று போனார்கள். இன்னொரு சுற்று. மொத்தம் ஐந்து சுற்று. ஐந்தாவது சுற்றில் நாலு தெருவிலும் ஒரு கோலம் கூட மிஞ்சவில்லை. கொளஞ்சிக்கு அதற்குள் பேச்சும் நின்றுபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றப் பார்த்தார்கள். வரவில்லை. அஞ்சாப்புலி தென்னை மரத்தைக் கட்டுவது போலக் கொளஞ்சியைத் தூணோடு கட்டினான். வைத்தியும் பூவராகனும் ஆளுக்கொரு ஷூவைப் பிடித்து இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் ஷூவும் அவர்களும் சேர்ந்து மாட்டுத்தொட்டியில் போய் விழுந்தார்கள். ஷூ நனைந்துவிட்டதே என்று பதறி முதலில் அதைத்தான் துடைத்தார்கள்.

கொளஞ்சி கட்டிலில் படுத்துக்கொண்டு காலைப் பார்த்தார். விரல் பத்தும் இருந்தன. நாளைக்கு இன்னொரு தடவை இதைப் போட்டால் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட அவருக்கு மனசு வரவில்லை. நடக்காவிட்டால் விரல் போகும். நடந்தால் எல்லாமே போகும். ஷூவை மாற்றலாம் என்றால் போணிச் சரக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேச ஆள் இல்லாமல் படுத்திருந்தார்.

"அந்தச் சீட்டை இன்னொரு வாட்டி படிடா," என்றார் கடைசியில்.

வைத்தி படித்தான். "'தண்ணீர் புகாத ஷூ போட்டு, தினமும் நாற்பது நிமிடம் வேகமாக நடக்கவும்.'"

"யாரு நடக்கணும்னு எழுதியிருக்கு?"

வைத்தி சீட்டைத் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "யாருன்னு போடலைண்ணே."

எல்லோர் கண்ணும் பூவராகனின் காலுக்குப் போயின. பொடிசான கால். ஏழாம் நம்பர் அளந்து தைத்த மாதிரி இருந்தது.

அன்றையிலிருந்து ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. விடியற்காலையில், பஜனைக்கு முன்னால், பூவராகன் கொளஞ்சியின் ஷூவைப் போட்டுக்கொண்டு கொளஞ்சிக்காக நாற்பது நிமிஷம் வேகமாக நடந்துவிட்டு வருவார். அவருக்குப் பாட்டு வந்துவிட்டது என்பதால் ஷூவுக்குள் ரெண்டு கூழாங்கல் போட்டுச் சரிசெய்தார்கள். அந்த நாற்பது நிமிஷமும் கொளஞ்சி வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின் மேல் காலை நீட்டிக்கொண்டு, பாடாமல் பேசிக்கொண்டிருப்பார். பேசினார் என்பதற்கு அலமேலு சாட்சி. தரையில் காலை வைத்தால் ஷூ நடப்பது வீணாகிவிடும் என்று பகலிலும் அதிகமாக இறங்கவில்லை. அலமேலு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தாள், விரல் இடுக்கைத் துடைத்துப் பவுடர் போட்டாள், சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக் களி போட்டாள். சோற்றைப் பாதியாகக் குறைக்கலாமா என்று அவள் கேட்டபோது கொளஞ்சியால் மறுக்க முடியவில்லை. பாதி என்பது அவருடைய கொள்கை.

தை பிறந்தது. நாலாம் நாள் நாலு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். வெறுங்காலில் வந்தால் டாக்டரம்மா திட்டுவார் என்று கொளஞ்சி வீட்டுச் செருப்பைப் போட்டிருந்தார்; ஷூவை வைத்தி கையில் ஏந்தி வந்தான்.

டாக்டரம்மா காலைத் தூக்கிப் பார்த்தார். விரல்களை விரித்துப் பார்த்தார். புண் இருந்த இடம் காய்ந்து, புதுத் தோல் மூடியிருந்தது. ரத்தத்தைப் பார்த்தார். நூற்றைம்பத்தைந்து. கொளஞ்சிக்குக் கண் கலங்கியது. ஜென்மத்தில் கேட்காமலே பாதியாகக் குறைந்தது அது ஒன்றுதான்.

"ரொம்ப நல்லா ஆறிடுச்சுங்க. விரலுக்கு ஒண்ணும் இல்லை. இதே மாதிரி தினம் நடங்க. ஷூ நல்ல ஷூதான் போலருக்கே."

"நல்ல ஷூதாம்மா," என்றார் கொளஞ்சி. ஆனால் எழுந்திருக்கவில்லை. "நீங்க சொன்ன மூணு அம்சத்துல ரெண்டு இதுல இருக்கு. தண்ணி போவாது. பாட்டு வராது. ஒரு விரல் எடம் காலியா இருக்கணும்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் இல்லை."

"அப்ப ரெண்டு நம்பர் பெருசா மாத்திக்கங்க."

"போணிச் சரக்கும்மா. வாக்குக் குடுத்துட்டேன். ஷூவுல ஒண்ணும் பண்ண முடியாது. வெட்டினா தண்ணி பூந்துடும்." கொளஞ்சி வலதுகாலை எடுத்து மேஜை மேல், காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "அதனால நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இந்த விரலை எடுத்துடுங்க. ஒரு விரல் எடம் தானா காலியாயிடும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நல்லா இருக்கற விரலை எடுக்க முடியாதுங்க."

"போன மாசம் நீங்கதானேம்மா கேட்டீங்க?"

"அது ஆறலைன்னா எடுக்கறதுன்னு சொன்னேன்."

கொளஞ்சிக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. "என்னா வியாபாரம்மா இது? அன்னிக்குப் புண்ணோட இருந்தப்ப வேணும்னீங்க. இன்னிக்கு ஆத்தி, தொடச்சி, நல்ல உருப்படியா கொண்டாந்தா வேணாங்கறீங்க. நான் வெலை கேட்டேனா? சும்மாத்தானே தர்றேன். சரி, முழுசு வேணாம். பாதி எடுத்துக்கங்க."

"அடுத்த ஆளு வாங்க," என்றார் டாக்டரம்மா.

நாலு பேரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். கொளஞ்சி ஷூவையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்தே உள்ளே போகும் நோயாளிகளை எண்ணிக்கொண்டிருந்த அஞ்சாப்புலி, சட்டென்று தொடையைத் தட்டினான்.

"மாமா, நாம வந்த நேரம் தப்பு. நமக்கு முன்னாடியே இருபத்தாறு பேரு போயிருக்காங்க. எப்பவோ போணி ஆயிடுச்சு. அதான் அந்தம்மா இவ்வளவு கிராக்கி பண்ணுது."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, சுகாதார நிலையத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே பனியில் நாலு பேர் நின்றார்கள். முதலில் கொளஞ்சி. வலதுகால் கட்டைவிரலைக் கழுவித் துடைத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், தன் விரலையும் சேர்த்து மொத்தமாகக் கொடுத்தால் பேரம் இன்னும் படியும் என்று, காலைக் கழுவிக்கொண்டு வைத்தி நின்றான்.